வீரம்மாவுக்கு வந்த கோடிச் சேலை

தன் சாவுக்கு வந்த கோடிச் சேலையைத் தன் கையாலேயே வாங்கும் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்த்துவிடாது. ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்து வீரம்மாவுக்கு வாய்த்தது.

வட்டகொடையிலிருந்து அவளுடைய அண்ணன் சிவனாண்டி வந்து சேர்ந்தபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் மழைக்குக் கட்டியிருந்த படங்கு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. தப்பு அடிக்கிறவர்கள் ஈரத் தோலைக் காய வைக்க நெருப்பு மூட்டியிருந்தார்கள். ரோட்டு வளைவிலேயே, "என்னய விட்டுட்டுப் போயிட்டியே தங்கச்சி" என்று அலறத் தொடங்கிய மனிதர், இஸ்தோப்புத் திண்ணைப் படியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய தங்கச்சி.

"ஏ புள்ள... நீயா?"

"நான்தாண்ணே. உள்ள வா."

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே. குளவி கொட்டி வீரம்மா பலின்னு. ஒம் பேரு, ஒந்தோட்டம், ஒரு குறையில்லாமப் போட்டிருந்தாங்களே."

"செத்தது எம் மருமக, அண்ணே. சுதர்ஷினி."

சிவனாண்டிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தார். அந்த வீட்டில் அன்று யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஹற்றனில் வாங்கிய பொட்டலம் இருந்தது. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். அந்தக் கடமையைக் காலையில் பேப்பரைப் பார்த்ததும் செய்துவிட்டு பஸ் ஏறியிருந்தார். சாவு வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது நிஜம்தானா என்று யார் கேட்பார்கள்? தங்கச்சி தாலி இழந்து வருஷக் கணக்காகிறது என்பதை மறந்துதான் வாங்கினாரோ, அவசரத்தில் கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை வாங்கினாரோ, சிவப்புச் சேலை.

வீரம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். சுதர்ஷினிக்கு அப்பா அம்மா இல்லை. றொசல்லையில் கூடப் பிறந்து, இப்போது கொழும்பில் கட்டட வேலை செய்யும் அண்ணன் சுதாகரன் ஒருவன்தான் அவளுக்குப் பிறந்த வீடு. அவனுக்கு எத்தனை தரம் போன் போட்டும் எடுபடவில்லை.

"அவளுக்குக் கோடி கொண்டாற ஆளு இன்னும் வரல அண்ணே. இத அவளுக்கே போத்திருவோம். எனக்கு வேணும்னா நீ இன்னொரு நாளைக்கு வாங்கிட்டு வரமாட்டியா?"

மறுநாள் நண்பகலில், மாமியாருக்கு வந்த சிவப்புச் சேலையைப் போர்த்திக்கொண்டு சுதர்ஷினி போனாள். மழை விடவேயில்லை. குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

இந்தக் கூத்துக்குப் பேப்பர்காரனை மட்டும் வைது புண்ணியமில்லை. வீரம்மாவின் முழங்கால்கள் மலை ஏற மறுத்துப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் அவர்கள் இருக்கும் அறை, லயத்துக் காம்பிரா, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒரு பெயராவது காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, கூப்பிடப்பட வேண்டும். இல்லையென்றால் காம்பிராவைக் காலி செய்து கொடு என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து நிற்பான். மகன் அழகுமுத்து கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். மருமகளைப் பதியலாம் என்றால், புதிய பெயர் எடுப்பதில்லை என்று ஆபீஸ் கையை விரித்துவிட்டது. அதனால் வீரம்மாவின் பெயர் பெரட்டிலேயே இருந்தது. அந்தப் பெயருக்கு மருமகளின் கைகள் கொழுந்தெடுத்தன. கங்காணிக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். அக்காள் பெயரில் தங்கச்சி, அம்மா பெயரில் மகள் என்று அந்தத் தோட்டத்தில் வேறு பெயருக்குக் குரல் கொடுக்கிற பெண்கள் ஒருத்தி இரண்டு பேர் அல்ல.

முதலில் சில நாள், "வீரம்மா" என்று கங்காணி கூப்பிடும்போது சுதர்ஷினி சும்மா நின்று திட்டு வாங்கினாள். பிறகு பழகிவிட்டது. வீட்டில் உப்புக்கும் புளிக்கும் மாமியாரோடு சண்டை வரும்போதெல்லாம், "நானுந்தான் வீரம்மா, என்னய அதட்டாதீங்க" என்பாள். அதோடு சண்டை முடியும். இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் உயிரை வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அன்று கொழுந்து நிறைந்து கிடந்த மலையில் பெண்கள் நிரை பிடித்து நின்றபோது, பெரிய மரத்திலிருந்த குளவிக்கூட்டைக் கழுகு கொத்திவிட்டது. ஓடியவர்களில் முந்தி ஓடியவள் சுதர்ஷினி. ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பக்கத்து நிரைக்காரி ராக்காயி மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடக்கிறாள். சுதர்ஷினி திரும்பி ஏறினாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை உருவி ராக்காயி மேல் போட்டு மூடினாள். தனக்குப் போட்டுக்கொள்ள அவளிடம் இன்னொரு படங்கு இல்லை.

உயிர் பிரிந்த சுதர்ஷினியையும் வீங்கிக் கிடந்த ராக்காயியையும் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நிற்கும்போதுதான் நோர்வூட் நிருபர் மைக்கல், கங்காணி ஜெயகாந்தனுக்குப் போன் எடுத்தான். செத்தவங்க பேரு என்ன என்று கேட்டான். தினமும் காலையில் கூப்பிட்டுப் பழகிய வாய், "வீரம்மா" என்றது. மைக்கல் அதை அப்படியே கொழும்புக்கு அனுப்பினான்.

மண் போட்டுத் திரும்பிய அன்று மாலைதான் சுதாகரன் வந்தான். தோளில் நனைந்த பை. வாசலில் குந்திக்கொண்டான். யாரோ பாலில்லாச் சாயத்தண்ணி கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்தபடி இருந்தான்.

"போன் தண்ணில விழுந்துருச்சு அத்தே. ஆனா பேப்பரப் பாத்தேன். நேத்தே பாத்தேன்."

வீரம்மா எட்டி அவன் பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"தங்கச்சி மாமியாதான போயிருச்சு, வேலைய முடிச்சுட்டு மெதுவாப் போவோம்னு இருந்துட்டேன். டவுனுக்கு வந்தப்பொறம்தான் சொல்றாங்க. எந் தங்கச்சி மூஞ்சப் பாக்கலயே அத்தே. அங்கயே வாங்கிட்டு ஓடியாந்த கோடிய இப்ப யாருக்குப் போத்துறது?"

அவன் கத்தியிருந்தால் வீரம்மாவுக்குத் தாங்கியிருக்கும். குளவி கொட்டினாலும் வீக்கம் ஒருநாள் வற்றிவிடும். அவன் அமைதியாகச் சொன்ன அந்தச் சொல் வற்றவில்லை. அவள் எழுந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பேப்பர்காரன மாத்திப் போட வைக்கிறேன் சுதாகரா. அவ பேர அவன் போடுவான். போட வைக்காம விடமாட்டேன்."

எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் பேப்பர்காரனைப் பார்க்கக் கிளம்பப் போகிறாள் என்று லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கங்காணி ஜெயகாந்தன் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வீரம்மா திரும்பவில்லை.

"பெரியம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. செத்தவங்க பேரு அதில்லன்னு போட்டா, அப்ப அவங்க எப்புடி மலையில நின்னாங்கன்னு கேப்பாங்கல்ல?"

"கேக்கட்டும்."

"என் வேல போகும் பெரியம்மா."

"நான்தான் அனுப்புனேன்னு சொல்றேன். ஒன் பேர இழுக்க மாட்டேன்."

"என்னய விடுங்க. வீடு?" என்று, சாவுக்குக் கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்த அவள் மகனைப் பார்த்தான். அழகுமுத்து தாடியைச் சொறிந்துகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகை படிந்த அந்தச் சுவரில், ஒவ்வொரு தீபாவளிக்கும் கோதுமை மாப் பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டுவது சுதர்ஷினியின் வேலை.

"அம்மா, வேலைக்கே போகாதவங்க பேர்ல காம்பிரா வச்சிருக்கோம்னு நாமளே ஊருக்குச் சொல்லணுமா?" என்றான் அவன். "சர்டிபிகேட்ல அவ பேரு சரியாத்தான இருக்கு. பேப்பரு ஒருநாள் கூத்து. மறுநாளு அதுல வடை சுத்திக் குடுத்துருவான்."

"சர்டிபிகேட்ட யாருடா படிக்கிறா? பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறது. பேப்பர ஒன் மச்சான் படிச்சான். எங்கண்ணன் படிச்சான். ஊரே படிச்சிச்சு." ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். "நான் சாகாமச் செத்துட்டேன். அவ செத்தும் சாகல. இது எந்த ஊரு நாயம்?"

ஜெயகாந்தன் ரொட்டி சாப்பிடாமலே போனான். தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல் அரைத்து வைத்திருந்தும் போனான் என்றால் அவன் கலக்கம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

நோர்வூட்டில் மைக்கல் வைத்திருந்தது போட்டோகொப்பிக் கடை. நிருபர் வேலை அதற்குள்தான். வீரம்மா படியைப் பிடித்து ஏறி வந்து தான் யாரென்று சொன்னதும், அவன் கையிலிருந்த தாள்கள் நழுவின.

"ஒங்க சாவ எழுதுனது நான்தாம்மா."

"நல்லாத்தான் எழுதியிருந்த தம்பி. ஆளத் தவிர ஒரு குறையும் இல்ல."

மைக்கல் ஸ்டூலை இழுத்துப் போட்டான். சாயத்தண்ணி எடுப்பித்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் தொங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம், குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றான். பிறகு கொழும்புக்குப் போன் போட்டு, அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். வாசகர் முறைப்பாடுகளைப் பார்க்கிற பிரேமினி என்ற பெண் பேசினாள்.

"அம்மா, முதல்ல மன்னிச்சிக்கொள்ளுங்க. உயிரோட இருக்கிறவங்கள இறந்துட்டதாப் போட்டது பெரிய பிழை. நாளைக்கே திருத்தம் போடுறதாத்தான் இருந்தோம். தோட்டத்து நிர்வாகமும் கேட்டு மெயில் அனுப்பியிருக்கு."

"ஆபீஸா? அவங்க என்னாத்தக் கேக்குறாங்க?"

பிரேமினி வாசித்தாள். "உயிரிழந்தவர் வீரம்மா அல்லர். உயிரிழந்த சுதர்ஷினி என்பவர் எமது தோட்டத்தின் பதிவு செய்யப்பட்ட தொழிலாளி அல்லர். அவர் அவ்விடத்தில் இருந்தமைக்கும் நிர்வாகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை."

வீரம்மாவுக்கு எழுத்து வாசிப்பு அதிகம் இல்லை. ஆனால் இந்த மூன்று வரியில் என்ன செய்திருக்கிறார்கள் என்பது ஒரே தரத்தில் விளங்கிவிட்டது. பெயரைக் கொடுத்துவிட்டு ஆளைப் பறித்துக்கொண்டார்கள். காலை முதல் மாலை வரை கூடை சுமந்தவள், வழி தவறி மலைக்குள் வந்த யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள்.

"தப்ப விட ஒங்க திருத்தம் மோசமா இருக்கே தாயி" என்றாள்.

"அப்ப அவங்க ஏன் அங்க நின்னாங்க? அதை நீங்கதான் சொல்லணும்."

எட்டும் வரை காலை ஊன்றலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. வீரம்மாவுக்குப் புகை படிந்த அந்தச் சுவர் ஞாபகத்தில் வந்தது. அடுப்பு, கட்டில், கூரைத் தகரத்தில் மழை. புருஷன் உயிரை விட்ட மூலை. பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே சொன்னாள்.

"எம் பேர்ல அவ கொழுந்தெடுத்தா. எங்காலு முடியாமப் போச்சு, நான்தான் அனுப்புனேன். ஓடித் தப்புனவ, கூட நின்னவளக் காப்பாத்தத் திரும்பி ஏறுனா. எழுதிக்கங்க."

"இதைப் போட்டா உங்களுக்குக் கரைச்சல் வரும்மா. வீடு விஷயம் எல்லாம் மைக்கல் சொல்லியிருக்கார். உங்க பேர் இல்லாமலும் எழுதலாம், யோசிங்க."

"மொத எம் பேரப் போடுறப்ப என்னயக் கேட்டா போட்டீங்க?" வீரம்மாவின் குரல் உயர்ந்தது. "எம் பேர்ல வேல செஞ்சா. எம் பேர்லயே சாகவும் வேணுமா அந்தப் புள்ள?"

பிரேமினியின் குரல் தணிந்திருந்தது.

"சரிம்மா. ஆனா நிர்வாகம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நீங்க மலையில நின்னு பார்க்கலயே. பார்த்த ஒருத்தர் எனக்கு வேணும். மறுபடி அவசரப்பட்டுப் பிழை விட ஏலாது. கிடைக்கிற வரைக்கும் நிர்வாகத்தோடதையும் நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

"சாவு எந்தப் பக்கத்துல வந்திச்சோ, அதே பக்கத்துல வரணும்."

"திருத்தம் எல்லாம் ரெண்டாம் பக்கத்து மூலையிலதான் போடுறது வழக்கம்..."

"மூலையில போட்டா மூலையில உள்ளவன்தான் படிப்பான்."

"ஆசிரியர்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள் பிரேமினி. அதில் சிரிப்பும் கொஞ்சம் இருந்தது.

பார்த்தவள் என்றால் ராக்காயிதான். ஆனால் ராக்காயி தன் அக்காள் பெயரில் வேலை செய்கிறவள். அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். ஒரு கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. வீரம்மாவைக் கண்டதும் தண்ணீர் நிறையும் முன்பே குடத்தை எடுத்தாள்.

"அக்கா, கையெடுத்துக் கும்புடுறேன். என்னய விட்ருங்க. ஒரு நூல இழுத்தா முழுத் துணியும் பிரிஞ்சிரும். எங்கக்கா பேரு போச்சின்னா நாங்களும் தெருவுலதான்."

"ஒன் பேரக் கேக்க மாட்டாங்க. எந்தப் பேர்ல நிக்கிறன்னும் கேக்க மாட்டாங்க. அவ எங்க நின்னா, என்ன செஞ்சா, அது மட்டுந்தான்."

"ஆபீஸ்ல கண்டுபுடிச்சிருவாங்க."

"கண்டுபுடிக்கலாம். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்." வீரம்மா பீலித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒனக்கு இஷ்டமில்லன்னா நான் வற்புறுத்தல ராக்காயி. அவ ஒனக்காகச் செத்தான்னு ஒரு நாளும் ஒன்னயக் குத்திப் பேச மாட்டேன். அவளா ஏறுனா, அவ புத்தி அப்புடி. ஆனா பாத்தவங்க யாரும் சொல்லலன்னா பேப்பர்ல, அங்க அவளுக்கு வேலையே இல்லன்னு போட்டுருவாங்க. அதப் படிச்சுட்டு ஒன்னால அந்த நெரையில நிக்க முடியுமா?"

ராக்காயி குடத்தைக் கீழே வைத்தாள். வீங்கிய கண்ணிலிருந்தும் நல்ல கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்து கால்களை நனைப்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அவ படங்கு இன்னும் என் வீட்லதான் அக்கா இருக்கு. தொவைக்க மனசு வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க பேசணும்?"

போன் எடுபடுகிற இடம் கோயில் வளைவு. பனிமூட்டத்துக்குள் இரண்டு பெண்களும் அங்கே போய் நின்றார்கள். ராக்காயி ஒரு பெயரும் சொல்லாமல், பிரேமினியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாள். படங்குக்கு மேலே குளவிச் சத்தத்துக்குள் சுதர்ஷினி, "அசையாத அக்கா, அசையாத" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டேயிருந்தாள் என்றாள். வீரம்மாவுக்கு அது அதுவரை தெரியாது. கோயில் மதிலில் சாய்ந்துகொண்டாள்.

திருத்தம் வந்தது. முன்பு சாவுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அடியில், கட்டம் கட்டி வந்தது. பிரேமினி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். இஸ்தோப்பில் லயத்துச் சனம் கூடி நிற்க, அழகுமுத்து உரக்க வாசித்தான்.

"ஆனைக்கல் தோட்டத்தில் குளவி கொட்டி உயிரிழந்தவர் வீரம்மா என நாம் வெளியிட்ட செய்தி தவறானது. உயிரிழந்தவர் அவரது மருமகள் சுதர்ஷினி. நோயுற்ற மாமியாரின் பெயரில் கொழுந்து பறித்து வந்த அவர், தப்பி வந்த பின்னரும் சக தொழிலாளியைக் காப்பாற்றத் திரும்பிச் சென்றபோதே குளவிகளுக்கு இலக்கானார். அவர் பதிவு செய்யப்பட்ட தொழிலாளி அல்லர் எனத் தோட்ட நிர்வாகம் தெரிவிக்கிறது. எமது தவறினால் அவரது சகோதரர் இறுதிக் கிரியையில் பங்குபற்ற முடியாமற் போனமைக்கு வருந்துகிறோம்."

கடைசி வரியில் அவன் குரல் உடைந்தது. பேப்பரை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனான். அவன் மனைவிக்காக வாய்விட்டு அழுததை லயம் அன்றுதான் கேட்டது. வீரம்மா ஒரு பேப்பரைச் சுதாகரனுக்கு அனுப்பச் சொல்லி எடுத்து வைத்தாள். இன்னொன்றுக்குப் பசை காய்ச்சினாள்.

பசை காய்வதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். பெயருக்குரியவர் நாளைக் காலை பெரட்டில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பெயர் வெட்டப்படும், பெயர் வெட்டினால் காம்பிரா போகும் என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான்.

விடிகாலையில் வீரம்மா மருமகளின் கூடையை இறக்கினாள். முழங்கால்களில் எண்ணெய் பூசி, பழைய துணியை இறுக்கிச் சுற்றினாள். தலைக்கயிறு நெற்றியில் பதியும் இடம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. தேய்ந்த கயிறு தானாகவே இடம் பிடித்துக்கொண்டது. அழகுமுத்து, "வேணாம்மா, நான் பேர் பதியக் கேக்குறேன்" என்றான். "கேளு. அது வரைக்கும் நான் போறேன்" என்று கம்பை ஊன்றி இறங்கினாள்.

பெரட்டுக்களத்தில் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. ராக்காயிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் அன்றும் காலியாகத்தான் இருந்தது. சாவுக்குப் பிறகு யாரும் அதில் நிற்கவில்லை. ஜெயகாந்தன் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அந்தப் பெயர் வந்ததும் அவன் வாய் தயங்கியது.

"வீரம்மா."

பழக்க தோஷத்தில் அவன் பார்த்தது அந்தக் காலி இடத்தை. பெண்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"இருக்கேன்."

குரல் களத்தின் விளிம்பிலிருந்து வந்தது. ஏற்றம் ஏறி வந்த மூச்சிரைப்பு அதில் இருந்தது. வீரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாக நடந்துபோய் அந்த இடத்தில் நின்றாள். ராக்காயி அக்குளில் வைத்திருந்த சுதர்ஷினியின் படங்கை விரித்து, குனிந்து அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

"பெரியம்மா... மலை ஏறுவீங்களா?" என்றான் ஜெயகாந்தன்.

"ஏத்தம் என் பாடு. நீ கூப்புட்ட பேருக்கு ஆளு வந்திருக்கு." அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "இந்தத் தடவையாவது சரியா எழுது தம்பி."